தில்லியிலிருந்து இரண்டரை மணி நேரம்

"ஐயோ... நைனா!"

டாக்ஸி நிற்பதற்குள் குதித்து ஓடி வந்தான் தேவராஜன்.

வாசல் பெஞ்சில், வெள்ளைத் துணிக்குள் அவன் அப்பா வேதாசலம். உத்திரமேரூர் நெல் வியாபாரி. விடியற்காலை தன் குடோனுக்குள்ளேயே பின்மண்டை பிளந்து கிடந்தவர்!

ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து இப்போதுதான் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். மாலை நாலரை.

ஏட்டு கன்னியப்பன் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றார். மூன்று நாள் திருவிழா பந்தோபஸ்து. நாலாம் நாள் பிணம்! பூட்ஸுக்குள் கால் வீங்கிக் கிடந்தது. ரிடையராக இன்னும் இரண்டே மாதம்.

அவர் காலடியில், கைவிலங்கோடு குடோன் காவல்காரன் செங்கேணி.

"ஏட்டையா... நா பண்லீங்க. ரெண்டு பொண்ணு கீது எனக்கு..."

"இன்னாப்பா பண்றது? சாவி உங்கிட்டதானே கீது!"

"சின்னவரு தேவராஜன்கிட்டயும் ஒண்ணு கீதே!"

"அவரு தில்லில இல்ல வேல பாக்கிறாரு? இப்பத்தானே வந்து எறங்குறாரு. சும்மா கெட."

இன்ஸ்பெக்டர் சின்னராசு தேவராஜனின் தோளைத் தட்டினார்.

"நம்ம தந்தி எப்ப கிடைச்சது தம்பி?"

"ஒம்பது மணிக்கு சார். ரூம் வாசல்ல கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அப்படியே ஏர்போர்ட்... பதினோரு மணி ப்ளேன்!"

இன்ஸ்பெக்டர் விரல் மடக்கினார்.

"ஆயிரத்து எழுநூத்தம்பது கிலோமீட்டர்... ரெண்டரை மணி நேரம். ஒண்ணரைக்கு மீனம்பாக்கம். அப்புறம் டாக்ஸி. கச்சிதம்! ரயில்னா ரெண்டு ராத்திரி."

பெரியப்பா மகன் சேட்டு கொள்ளிச் சட்டியோடு வந்தான்.

"நல்லவேள வந்துட்டே தம்பி. பொழுது சாஞ்சிருந்தா நாந்தான் கொள்ளி வெச்சிருப்பேன்."

"கொள்ளி வெக்கிறவனுக்குத்தான் ஏரிக்கரை நஞ்சைன்னு நைனா பஞ்சாயத்துல சொல்லி வெச்சாரே அண்ணே... விடுவனா?"

கன்னியப்பனுக்கு ஒரு பீடி தேவைப்பட்டது. சட்டைப்பைக்குள் விரலை விட்டார்.

மடித்த காகிதம் ஒன்று தட்டுப்பட்டது.

பிரித்தார்...

'அப்பா மரணம். உடனே புறப்படவும்.'

"தபாலாபீஸ் திறந்ததும் அடிச்சுடுய்யா" என்று காலையில் இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்த தில்லித் தந்தி. அலுப்பில் மறந்தே போயிருந்தார்!

முப்பது வருஷ சர்வீஸ்... பென்ஷன்... கிழித்து வாயில் போட்டு மென்றுவிட்டால் யாருக்குத் தெரியும்?

செங்கேணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெருமூச்சு விட்டார் ஏட்டு.

"தம்பி... வேற யாராச்சும் சேதி சொன்னாங்களா? போனு, கீனு?"

"இல்ல ஏட்டையா. உங்க தந்திதான்."

கன்னியப்பன் குனிந்து செங்கேணியின் விலங்கைக் கழற்றினார்.

க்ளிக்!

தேவராஜன் கையில் மாட்டினார்!

"யோவ் ஏட்டு! பைத்தியமா ஒனக்கு?" இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"உங்க கணக்கு சரிதான் சார். ப்ளேனு ரெண்டரை மணில வந்துச்சு. ஆனா தந்தி இன்னும் என் பாக்கெட்ட வுட்டே கெளம்பலியே!"

காகிதத்தை நீட்டினார்.

தேவராஜன் முகம் சாம்பலாகியது. டாக்ஸி டிரைவர் மெல்லத் தலையை வெளியே நீட்டினார்.

"சார்... இவர நான் செங்கல்பட்டு லாட்ஜ் வாசல்லதான் ஏத்திக்கினு வந்தேன்..."

சேட்டு கொள்ளிச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"உனக்கு மெமோ குடுக்கிறதா, மெடல் குடுக்கிறதாய்யா?"

கன்னியப்பன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தபடி கொட்டாவி விட்டார்.

"எதுவா இருந்தாலும் தந்தில அனுப்பாதீங்க சார்... எடுத்துக்கினு போற ஆளு நாந்தான்!"