உயிர்ப்படி

தொட்டியில் விட்ட கடல்பசுக் கன்று கடற்புல்லைத் தொடவே இல்லை. எப்படி மேய வேண்டும் என்று காட்ட அதற்குத் தாய் இல்லை. சில நாள் சுற்றிச் சுற்றி நீந்திவிட்டு, கண்ணாடியோடு ஒட்டியபடியே செத்துப்போனது.

அந்தக் கடல்பசுவின் உயிர்ப்படியை எடுத்தவளே ரெஜினாள்தான். அரசின் உயிர்ப்படியகத்தில் அவள் மண்டல அதிகாரி. ஒரு குவளைக் கடல்நீர் போதும். அதில் உதிர்ந்து கிடக்கும் துணுக்குகளைக் கொண்டு அங்கே வாழும் அத்தனை உயிர்களின் முழு வரைவையும் படியாக்கி என்னும் கருவி எழுதிவிடும். வேண்டும்போது திரும்ப வளர்த்துக்கொள்ளலாம்; அந்தக் கன்றும் அப்படிப் படியிலிருந்து வளர்த்ததுதான். உயிரினங்களைக் காப்பது அரசின் கடமை என்றுதான் சட்டம் முதலில் சொன்னது. படியும் உயிரும் ஒன்றே, படி எடுத்துவிட்டால் காத்ததாகவே பொருள் என்று பிறகு ஒரு திருத்தம் வந்தது. அதற்குப்பின் சதுப்பு நிலங்களும் சோலைக்காடுகளும் ஒவ்வொன்றாக நிறுவனங்களுக்குக் கைமாறின. எதுவும் அழியவில்லை என்று ரெஜினாளும் நம்பியிருந்தாள்.

கன்றைப் புதைத்த கையோடு இயக்குநர் கதிரொளியிடம் போய் நின்றாள்.

“புல்வெளி இருந்தாத்தான் சார் அது பிழைக்கும். கடல்ல கொஞ்சத்தையாவது திருப்பிக் கொடுக்கணும்.”

“அங்க துறைமுகம் வந்தாச்சு மேடம். படி பத்திரமா இருக்கு. நம்ம கடமை அதோட முடிஞ்சுது.”

சொல்லிவிட்டு, புது ஆணை ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். துறைமுகத்தை விரிவாக்கப் போகிறார்கள். கரையோரக் குடியிருப்பு போயாக வேண்டும். மனிதச் சமூகங்களும் பல்லுயிர் வளத்தில் அடக்கம் என்று சட்டம் பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டிருந்தது. ஆகவே அவர்களுக்கும் படி உண்டு. எச்சிலோடு பேச்சு, பழக்கம், முடிவெடுக்கும் விதம் எல்லாம் அதில் ஏறும்.

“அது எங்க ஊர் சார்.”

“அதனாலதான் உங்களை அனுப்புறேன். முதல்ல உங்க படியைக் கொடுங்க. மத்தவங்க பயப்பட மாட்டாங்க.”

மாதா கோயில் முற்றத்தில் படியாக்கியை வைத்தார்கள். ஊரே பார்க்க ரெஜினாள் முதலில் வாயைத் திறந்தாள். அவளுடைய அலுவலகப் பதிவுகளும் தாமாகவே அந்தப் படியோடு சேர்ந்துகொண்டன. பிறகு சனம் வரிசையாக வந்தது. நம்ம வீட்டுப் பிள்ளைதானே என்று யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியாக வந்த தம்பி அமலதாஸ்தான் கேட்டான்.

“இதக் குடுத்தா ஊரக் காப்பாத்தியாச்சுன்னு சொல்லுதாவளே, நெசமாக்கா?”

“அப்படித்தான் எழுதுவாங்க.”

“அப்போ மீன்பிடிக்க வல்லத்த இங்கனயே கட்டிக்கிடலாம்லா?”

ஊரைக் கைமாற்ற ரெஜினாளுடைய ஒப்புதல் ஒன்றுதான் பாக்கி. படியாக்கியின் பலகைமேல் வைக்கப் போன கையை இழுத்துக்கொண்டாள். சற்றுத் தள்ளிப் போய்க் கதிரொளியை அழைத்தாள்.

“நான் ஒப்புதல் தர மாட்டேன் சார். வேலை போனாலும் சரி.”

மறுமுனையில் கோபமே இல்லை.

“உங்களைச் சிரமப்படுத்த வேண்டாம்னு உங்க படிகிட்டயே கேட்டுட்டோம் மேடம். சட்டப்படி ரெண்டும் ஒண்ணுதானே. உடனே ஒப்புதல் கொடுத்துடுச்சு.”

“நான்தான் மறுக்கிறேனே சார்.”

“படிக்கு மறுக்கத் தெரியாதே. இத்தனை வருஷத்துல நீங்க ஒரு தடவைகூட மறுத்தது கிடையாது.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அமலதாஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்னக்கா சொல்லுதாவ?”

அவனிடம் சொல்ல அவளுக்கு உண்மை மட்டும்தான் மிச்சம் இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் கரையில் முதல் பொக்லைன் இறங்கிவிட்டது.