பத்தே முக்காலுக்கு மயங்கும் கம்ப்யூட்டர்

இங்கே சொல்லப்படுவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கமா, முற்றுப்புள்ளி உட்பட எல்லாமே நடந்தவை. சந்தேகப்படுகிறவர்கள் எவ்வளவு தடித்த புத்தகத்தை நீட்டினாலும் அதன்மேல் இரண்டு கையையும் வைத்துச் சத்தியம் செய்து தரப்படும்.

செவ்வாய்க்கிழமை, காலை 10.45.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றின் முன்னறை. வாங்கி ஒரே நாள் ஆன கம்ப்யூட்டர் மேஜைமேல் மயங்கிக் கிடப்பதைக் கிளார்க் அக்கா கண்டுபிடித்தாள்.

வெளிக்காயம் ஏதும் இல்லை. திரையில் வெளிச்சம் இருந்தது. மாணவர் பட்டியலில் ஓர் எழுத்தைத் தட்டினாள். வரவில்லை. மாஸ்டர் ஒரு மாணவரைக் கூட்டிக்கொண்டு போய், ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்து, மாணவர் அதை மறந்து, மறுபடியும் கற்றுக்கொண்டு திரும்பிய பிறகுதான் அந்த எழுத்து வந்தது. அதுவும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. மவுஸ் அம்பு இடது மூலையிலிருந்து வலது மூலைக்குப் புறப்பட்டது. நடுவழியில் ஒரு சிலந்தி அதில் வலை கட்டி, இரண்டு கொசுவைப் பிடித்துத் தின்றுவிட்டு, ஜாகையைக் காலி செய்துகொண்டு போனது.

அக்கா பயந்துபோனாள். காரணம் இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் புத்தம் புதிது அல்ல. எங்கேயோ ஒரு பெரிய ஆபீஸில் மூன்று வருடம் உழைத்துவிட்டு, கடைக்காரர் கையில் புதுப்பிக்கப்பட்டு வந்தது. ஒரு தடித்த அகராதி அளவுதான் இருக்கும். மேஜையில் பாதியை விழுங்கிய பழைய பெட்டிக்குப் பதில் இதுவே போதும், பெயர்ப் பட்டியல் அடிக்க ராக்கெட்டா வேண்டும் என்று முதலாளியிடம் ஒரு மாதம் வாதாடியவள் அக்காதான். பழசு என்றைக்கும் பழசுதான் என்று முதலாளியின் மச்சான் பக்கத்திலிருந்து ஓதிக்கொண்டே இருந்தான். முதலாளி கடைசியில் தலையாட்டினார், ஒரு நிபந்தனையோடு. சனிக்கிழமை மாலை ஐந்து மணிவரை கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வார். அதற்குள் ஏதாவது கோளாறு தெரிந்தால் கம்ப்யூட்டர் கடைக்கு, அக்கா வீட்டுக்கு, அக்காவின் நாற்காலி மச்சானுக்கு.

முதலாளி கெட்டவர் அல்ல. பொருள்மேல் பிரியம் அதிகம், அவ்வளவுதான். பள்ளி ஆரம்பித்து எட்டு வருடமாகியும் அவருடைய நாற்காலி கடையிலிருந்து வந்த கோலத்திலேயே இருந்தது. அவர் உட்கார்ந்தால் சருகை மிதிக்கிற சத்தம் கேட்கும். சுவர்க் கடிகாரத்துக்கும் சட்டை உண்டு. பயிற்சிக் காரின் சீட்டுகளுக்கும் உண்டு. ஒரு தடவை ஒரு மாணவர் அவசரமாக பிரேக் போட்டார். போட்டவர் சீட்டிலிருந்து வழுக்கிப் பெடல்களுக்கு நடுவில் போய்விட, மாஸ்டர் அவரை டிக்கிவரை தேடினார். திங்கட்கிழமை கம்ப்யூட்டர் வந்தபோதும் முதலாளி வேறு யாரையும் தொட விடவில்லை. தானே பிளேடை எடுத்து, வயர்களுக்கு வழி பண்ணி, ஒவ்வொன்றாகச் செருகினார்.

புதன்கிழமை, காலை 10.00. கம்ப்யூட்டர் குதிரையாக எழுந்தது. 10.45. மறுபடியும் மயக்கம்.

அக்கா மச்சானை ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"எத்தன மணிக்கு வந்த?"

"பத்தரைக்கு."

"வந்ததும் என்ன தொட்ட?"

"பேப்பர். விளையாட்டுப் பக்கம்."

"கம்ப்யூட்டர?"

"தொடலக்கா."

"அது போச்சுன்னா இந்த நாற்காலி உனக்கு. தெரியுமில்ல?"

மச்சானின் முகம் வாடியது. "அதான்க்கா வயித்தெரிச்சல். பழசு வேணாம்னு சும்மா வாயி சொல்லிருச்சு. காலைலேர்ந்து சாயங்காலம்வரை ஒரே எடத்துல உக்காரச் சொன்னா நான் செத்தே போயிருவேன். மாமாகிட்ட யாரு போய்ச் சொல்றது? அது பொழைக்கணும்னு உன்னவிட நான்தான் அதிகமா வேண்டிக்கிட்டிருக்கேன்."

அக்கா அதை உடனே நம்பிவிடவில்லை. ஆனால் வியாழக்கிழமை மச்சான் வரவேயில்லை. கம்ப்யூட்டர் அப்போதும் 10.45க்குப் படுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை அக்கா அதன் தலையில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றிபோல் கொதித்தது. பக்கத்தில் மாஸ்டரின் ஈரக் கைக்குட்டை மடிப்புக் கலையாமல் காய்ந்துகொண்டிருந்தது. மாஸ்டரை அழைத்தாள். தினமும் காலையில் கைக்குட்டையை அதன்மேல்தான் போடுவதாகவும், இஸ்திரி போட்டதுபோல் வருவதாகவும், இந்தக் கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் தன் வாழ்க்கையில் ஒரு ஒழுங்கு வந்திருப்பதாகவும் மாஸ்டர் ஒப்புக்கொண்டார். கைக்குட்டை அகற்றப்பட்டது. அக்கா நிம்மதியாகச் சாய்ந்தாள். அன்றைக்கு மயக்கம் வந்தது 10.50க்கு. ஐந்து நிமிடம்தான் லாபம்.

சனிக்கிழமை அவள் சீக்கிரமே வந்து 9.15க்குச் சுவிட்சைப் போட்டாள். சரியாக 10.05க்குச் சுணங்கியது. அப்படியானால் பத்தே முக்காலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எழுப்பி ஐம்பது நிமிடம் ஆனால் படுத்துவிடுகிறது. மேஜை விசிறியைத் திருப்பி வைத்தாள். பலன் இல்லை. அணைத்துவிட்டு ஆறவைத்தால் மறுபடி குதிரை.

மாலை 3.10. கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"குடுக்கறதுக்கு முன்னாடி ஓட விட்டுப் பாத்தீங்களா?"

"மூணு நாள்மா. ராத்திரி பகலா. ஒரு முனகல் கெடையாது."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணுவாங்க? தொடச்சு, பேக் பண்ணி, உங்க மொதலாளி கைல குடுத்தேன்."

மாலை 3.30. ஆறிக்கிடந்த கம்ப்யூட்டரை எழுப்பினாள். விண்ணப்பப் படிவம் ஒன்றின் ஓரத்தை மெல்லிசாகக் கிழித்து அதன் பின்பக்கத்துச் சல்லடைக்கு எதிரே பிடித்தாள். உள்ளே காற்றாடி சுற்றுகிற ரீங்காரம் கேட்டது. காகிதம் அசையவில்லை. பக்கவாட்டில் பிடித்தாள். அங்கும் அசைவில்லை. விரல் நகத்தால் சல்லடைமேல் கோடு இழுத்தாள். ஓட்டைகளில் தட்டித் தடுக்கியிருக்க வேண்டிய நகம், கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது.

அக்கா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எல்லாரையும் முன்னறைக்கு வரச் சொன்னாள்.

மாலை 4.05. முதலாளி உட்கார்ந்தார். சருகுச் சத்தம். மச்சான் வாசலோரமாக, ஓடுவதற்குத் தோதாக நின்றான். மாஸ்டர் கைக்குட்டையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

"கம்ப்யூட்டருக்கு ஒரு வியாதியும் இல்ல சார்," என்றாள் அக்கா. "கடையில மூணு நாள் ஓடின ஜீவன் இங்க ஐம்பது நிமிஷத்துல படுக்குதுன்னா, நடுவுல யாரோ என்னமோ பண்ணியிருக்கணும். இது மூச்சடைப்பு. பண்ணினவர் இந்த அறையிலதான் இருக்காரு."

"யாரும்மா அந்தப் பாவி?" என்றார் முதலாளி.

"நீங்கதான் சார்."

சருகு சலசலத்து அடங்கியது.

கடைக்காரர் தூசு படாமலிருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுகச் சுற்றிக் கொடுத்திருந்தார். முதலாளி அதைப் பிரிக்காமல் வயர்களுக்கும் சுவிட்சுக்கும் மட்டும் அளவெடுத்தாற்போல் ஓட்டை வெட்டியிருந்தார். காற்று போக, வர வழி இல்லை. கம்ப்யூட்டர் தன் சூட்டிலேயே வெந்து, உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேலையைக் குறைத்துக்கொண்டது. அந்தத் தாளை எல்லாரும் ஐந்து நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாற்காலி, கடிகாரம், கார் என்று எட்டு வருடமாகத் தாளுக்குள்ளேயே உலகத்தைப் பார்த்துப் பழகியதால் யார் கண்ணிலும் அது படவில்லை. தன் கண்ணிலும் படவில்லை என்பதை அக்கா நேர்மையாகச் சேர்த்துக்கொண்டாள்.

முதலாளி தலைகுனிந்தார். "புதுசு கலைஞ்சிருமேன்னுதாம்மா..."

"சார், அதுவே பழசுதான்."

அவருக்கு அது மறந்தே போயிருந்தது. தன் கையால் பிரிக்க மனம் வராமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வலிக்காது சார்," என்று சொல்லிக்கொண்டே அக்கா உரித்தாள். தாள் முழுதாக வந்தது. 4.07க்குச் சுவிட்சைப் போட்டாள்.

பிறகு காத்திருப்பு. ஐந்து மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போதுதான் அந்த ஐம்பது நிமிடம் முடியும். 4.30க்கு முதலாளி தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்புத்தான். 4.50க்கு மச்சான் கண்ணை மூடிக்கொண்டான். 4.57க்கு அக்கா ஓர் எழுத்தைத் தட்டினாள்.

விரல் மேலே எழும்புவதற்குள் எழுத்து வந்து நின்றது. அதைத் தொடர்ந்து செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் தட்டித் தட்டி வராமல் போன எழுத்துகளெல்லாம் மடைதிறந்தாற்போல் வந்து குவிந்தன. கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பி, மாஸ்டரின் சட்டைப்பையிலிருந்த கைக்குட்டையைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் அப்பியது.

மச்சான் அக்காவின் காலில் விழப்போனான். அவள் தடுத்துவிட்டாள். கடைக்காரருக்குப் போன் போட்டு, திருப்பித் தருவதாக இல்லை என்று சொன்னாள்.

முதலாளி உரித்த தாளைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்து, அழுக்குப் படாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டார். "திங்கக்கிழம சீக்கிரம் வாம்மா," என்றார். "நெறைய வேல இருக்கு."

அந்தக் கட்டடத்துக்கு மின்சார இணைப்பு கிடைத்தது அதற்கு அடுத்த வருடம். இதற்கும் சத்தியம் செய்து தரப்படும்.