முழுக்க முழுக்க ஓரம்

ஃப்ரீடா வெஸ்லிங்குக்குப் பதினோரு வயது முடிந்து சரியாக ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அவள் வீட்டில் பதினோரு வயது என்பது சின்ன விஷயம் இல்லை. பத்து வயது வரை கெட்டாவைச் சாப்பிட மட்டும்தான் செய்யலாம். பதினொன்று முடிந்தால் கிண்டலாம்.

கவிங்டன் ஊரில் கெட்டா என்றால் என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். பன்றி இறைச்சியை வெங்காயம், மிளகு, பிரிஞ்சி இலை போட்டு வேகவைக்க வேண்டும். பிறகு அதை அரைத்து, வெந்த நீரிலேயே ஓட்ஸையும் கொட்டி, மூன்று மணி நேரம் கிண்ட வேண்டும். கரண்டியை நட்டால் அது விழாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் பதம். தகர அச்சில் ஊற்றி ஆறவிட்டு, மறுநாள் காலையில் துண்டு போட்டு, இரும்புக் கல்லில் முறுகலாக வாட்டினால் கெட்டா தயார். ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்த முப்பாட்டன்மார் வீட்டில் இறைச்சி கொஞ்சம், வாய்கள் நிறைய. எதையும் வீணாக்காமல் எல்லார் வயிற்றையும் நிரப்ப அவர்கள் கண்டுபிடித்த வழி அது.

அக்டோபர் முதல் ஞாயிறு அன்று, எட்டு மணிப் பூசை முடிந்ததும், தேவாலயக் கூடத்தில் கெட்டா காலை உணவு நடக்கும். ஒவ்வொரு குடும்பமும் ஓர் அச்சாவது கொண்டுவரும். நீளமான கல்லின் பின்னால் வரிசையாக நின்று தங்கள் கெட்டாவைத் தாங்களே வாட்டிப் போடுவார்கள். அச்சு காலியானதும் அதைத் தலைக்கு மேலே தூக்கி, மரக்கரண்டியால் டங் டங் என்று தட்டுவார்கள். கூடமே கைதட்டும். மீதி வைத்தவர்கள் தட்டக்கூடாது. சத்தமில்லாமல் மூடி வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியதுதான்.

வெஸ்லிங் அச்சு தட்டப்படாத வருஷமே கிடையாது. இந்த வருஷம் அந்த அச்சு ஃப்ரீடாவின் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை மாலை மரிசோல் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். மரிசோல் குடும்பம் அரிசோனாவிலிருந்து மாடி வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஃப்ரீடாவின் வகுப்பில்தான் படிக்கிறாள்.

"அம்மாகூடக் கடைக்குப் போறேன். உனக்கு ஏதாவது வேணுமா? நானும் ஏதாவது செய்யறேனே, ப்ளீஸ்!"

"ஓட்ஸ் வாங்கிட்டு வா. நாலு பொட்டலம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்," என்றாள் ஃப்ரீடா.

சனிக்கிழமை காலையில் அப்பா நார்பர்ட் இறைச்சியை வேகவைத்து அரைத்துக் கொடுத்தார். "இனிமே உன் பாடு. நான் கீழே போய் அந்த வாஷிங் மெஷினோட மல்லுக்கட்டறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு மருத்துவமனையில் வேலை.

ஃப்ரீடா முக்காலியில் ஏறி நின்று கிண்டினாள். மரிசோல் பொட்டலங்களைக் கிழித்துக் கொட்டினாள். பானையிலிருந்து எழுந்த ஆவியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. ஃப்ரீடாவின் கண் கரண்டியைவிட்டு அகலவில்லை. அடி பிடித்தால் மானம் போய்விடுமே!

நாற்பது நிமிடம்தான் ஆகியிருக்கும். கரண்டியை நட்டுப் பார்த்தாள். விழாமல் அப்படியே நின்றது.

"அப்பா! நின்னுடுச்சு!"

நார்பர்ட் கையில் ஸ்பேனருடன் ஓடிவந்தார். சிப்பாய் மாதிரி விறைப்பாக நின்ற கரண்டியைப் பார்த்தார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

"அதுக்குள்ளயா? எனக்கே மூணு மணி நேரம் ஆகும். கை ராசிடா உனக்கு!"

"ஓரம் எனக்கு!" என்று மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. அது ஃப்ரீடாவின் தம்பி காஸ்பர். ஆறு வயது. கெட்டாவில் முறுகலான ஓரத்துக்காக அக்காவும் தம்பியும் போடாத சண்டை இல்லை.

"போடா. இது ஊருக்கு," என்றாள் ஃப்ரீடா பெருமையாக. கெட்டாவை அச்சில் ஊற்றி, ஆறியதும் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தாள்.

ஞாயிறு காலை கூடம் நிறைந்திருந்தது. ஏழு குடும்பங்கள் கல்லின் பின்னால் நின்றன. வெஸ்லிங் இடத்துக்குப் பக்கத்தில் நீனாபர் மாமா. கழுத்தில் ஏப்ரன், காதில் பென்சில். அவர் தச்சர். கெட்டாவையும் அளவுகோல் வைத்துத்தான் வெட்டுவார்.

"என்ன ஃப்ரீடா, முதல் வருஷமா? கை நடுங்குதா?"

"நடுங்கல மாமா. குளிருது."

"அடுப்புக்குப் பக்கத்துலயா?"

மரிசோல் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றாள். அவளுக்கு இதுதான் இந்த ஊரின் முதல் கெட்டா நாள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

அப்பா வழக்கமான பாடத்தை எடுத்தார். "கல்லுல போட்டதும் தொடாதே. முறுகினா கெட்டா தானா கல்லை விடும். அதுவரைக்கும் கையைப் பாக்கெட்ல வை."

ஃப்ரீடா கத்தியை இறக்கினாள். சுத்தமாக இறங்க வேண்டிய கத்தி களிக்குள் போனதுபோல் மெதுவாக இறங்கியது. வெளியே வந்தபோது இரண்டு பக்கமும் பசை ஒட்டியிருந்தது.

வெட்டிய துண்டைக் கல்லில் வைத்தாள். அது துண்டாக நிற்கவில்லை. மெல்லச் சரிந்து, பரவி, சாம்பல் நிறத்தில் ஒரு குட்டையாகக் கிடந்தது.

"ஐயோ! என்னம்மா, கஞ்சியா ஊத்தறே?" என்றார் நீனாபர் மாமா.

கல்லில் அவர் பக்கம் பன்னிரண்டு துண்டுகள் பள்ளிக்கூட வரிசைபோல் நேராக நின்றிருந்தன. சாப்பிட வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் மெல்ல நகர்ந்து நீனாபர் பக்கம் போய் நின்றார்கள்.

அப்பா கத்தியில் இருந்த பசையை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். முகம் மாறியது.

"குருணையே தட்டுப்படலையே. இது அவல் மாதிரி தட்டின ஓட்ஸ். இது குழைஞ்சுதான் போகும், வெட்ட வராது. அதான் நாப்பது நிமிஷத்துல கரண்டி நின்னுதா! யார் வாங்கினது இதை?"

மரிசோல் தட்டுகளைக் கடகடவென்று மேசையில் வைத்தாள். உதடு ஏதோ சொல்லத் திறந்தது.

ஃப்ரீடா முந்திக்கொண்டாள். "தப்பு என்னோடதுப்பா. ஓட்ஸ்னு மட்டும்தான் சொன்னேன். எந்த ஓட்ஸ்னு சொல்லல."

"அதை வேற சொல்லணுமா?" என்றார் நீனாபர் மாமா. "கெட்டாவுக்கு ஓட்ஸ்னா குருணை ஓட்ஸ்தானே! சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"இந்த ஊர்க் குழந்தைக்குத் தெரியும், மாமா."

நீனாபர் மாமா காதிலிருந்த பென்சிலை எடுத்து, மறுபடி காதிலேயே செருகிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். அவர் கேலிக்காரரே தவிர, கெட்ட மனிதர் இல்லை.

"இந்தா பாரு நார்பர்ட். எங்க வீட்ல ரெண்டு அச்சு கொண்டு வந்திருக்கோம். ஒண்ணை எடுத்துக்க. உங்க அச்சுல மாத்தி வச்சு வாட்டிப் போடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

அப்பா ஃப்ரீடாவைப் பார்த்தார். "அச்சு உன்னோடது. நீயே சொல்லு."

ஃப்ரீடாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு நிமிட வேலை. காலி அச்சு, டங் டங், கைதட்டல்.

"ரொம்ப தேங்க்ஸ் மாமா. ஆனா அது நீனாபர் கெட்டா. அதைப் போட்டுட்டு எங்க அச்சைத் தட்டினா, அச்சு பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

"அப்போ இதை என்ன பண்றது? குப்பையிலயா கொட்றது?" என்றார் அப்பா.

"கெட்டாவையா? எதையும் வீணாக்கக் கூடாதுன்னுதானே இதைக் கண்டுபிடிச்சதே?"

இந்தப் பேச்சில் எல்லாரும் கல்லை மறந்துவிட்டார்கள், காஸ்பரைத் தவிர. கல்லின் விளிம்பில் மூக்கு மட்டும் தெரிய நின்றிருந்த அவன் திடீரென்று கத்தினான்.

"அக்கா! ஓரம்!"

ஃப்ரீடா திரும்பிப் பார்த்தாள். யாரும் தொடாமல் விட்ட அந்தச் சாம்பல் குட்டை இப்போது சாம்பல் நிறமாக இல்லை. சுற்றிலும் பொன்னிறம் ஏறியிருந்தது. மெல்லப் பரவிய இடமெல்லாம் பழுப்பாகிச் சரிகைபோல் மின்னியது. கரண்டியின் நுனியால் தொட்டாள். அது தானாகவே கல்லைவிட்டு வழுக்கி வந்தது.

ஒரு துண்டு ஒடித்து வாயில் போட்டாள்.

கறுக்!

இறைச்சி வாசம், பிரிஞ்சி வாசம், மிளகின் காரம் எல்லாம் அப்படியே இருந்தன. நடு என்று ஒன்று இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"மரிசோல், அந்தத் தட்டையான கரண்டியைக் குடு! அப்பா, தீயைக் கொஞ்சம் குறைங்க!"

அச்சிலிருந்து பெரிய கரண்டியால் அள்ளிக் கல்லில் வைத்தாள். மரிசோல் அதை அடை தட்டுவதுபோல் மெல்லிசாகப் பரப்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு.

"இப்போ?" என்றாள் மரிசோல்.

"இப்போ கையைப் பாக்கெட்ல வை."

இருவரும் ஏப்ரன் பாக்கெட்டில் கைகளை விட்டுக்கொண்டு நின்றார்கள். நீனாபர் மாமா ஓரக்கண்ணால் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். மரிசோலின் கை இரண்டு தடவை வெளியே வரப் பார்த்தது. ஃப்ரீடா தலையை ஆட்டியதும் உள்ளே போனது.

ஆறும் பொன்னிறமாகிக் கல்லைவிட்டன. ஃப்ரீடா திருப்பிப் போட்டாள். நொறுங்கிய இடத்தில் நொறுங்கட்டும் என்று விட்டாள். பிறகு நிமிர்ந்து, கூடம் அதிரக் கூவினாள்.

"ஓரம்! ஓரம்! முழுக்க முழுக்க ஓரம்! நடு கிடையாது!"

வரிசையில் இருந்த ஒரு தீயணைப்பு வீரர் தலையை நீட்டினார். "என்னது? எல்லாமே ஓரமா?"

"எல்லாமே!"

"எங்க வீட்ல அஞ்சு அண்ணன் தம்பி. ஒருநாள்கூட எனக்கு ஓரம் கிடைச்சதில்ல." தட்டை நீட்டினார். ஒரு வாய் கடித்தார். கறுக் என்ற சத்தம் பின்னால் நின்ற மூன்று பேருக்குக் கேட்டது. தட்டை மறுபடி நீட்டினார்.

அதன்பிறகு மரிசோலுக்குத் தலை நிமிர நேரமில்லை. அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வீட்டில் ஓரத்துக்காகச் சண்டை போட்டவர்கள்தானே! ஒருவர் மேலே ஆப்பிள் ஜாம் தடவினார். ஒருவர் முட்டைக்கு அடியில் வைத்தார். இரண்டு பெண்கள் தட்டுக்கே போகாமல் கையில் வாங்கி அப்பளம்போல் ஒடித்துச் சாப்பிட்டார்கள்.

வரிசையில் கடைசியாக நின்ற ஆளைப் பார்த்து ஃப்ரீடா சிரித்துவிட்டாள். நீனாபர் மாமா. ஒரு கையில் தட்டு. இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தார்.

"சும்மா, எப்படி இருக்குன்னு பார்க்கத்தான்," என்றார்.

"முதுகுக்குப் பின்னால என்ன மாமா?"

"ஒண்ணுமில்லையே."

"தக்காளி சாஸ்!" என்று காட்டிக்கொடுத்தான் காஸ்பர்.

"கெட்டாமேல சாஸா!" என்று அப்பா நெஞ்சில் கைவைத்தார். இந்தச் சண்டை அவர்களுக்குள் இருபது வருஷமாக நடக்கிறது.

நீனாபர் மாமா சாஸ் ஊற்றி ஒரு வாய் சாப்பிட்டார். மெதுவாக மென்றார். "வெட்டினதுல ஒரு ஒழுங்கும் இல்லை," என்றார். இன்னொரு வாய் போட்டார். "ஆனா, அடுத்த வருஷம் எங்க ரெண்டாவது அச்சுல நானும் இந்தத் தட்டின ஓட்ஸைப் போட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன். எந்தக் கடையில வாங்கினீங்க?"

"மரிசோலைக் கேளுங்க," என்றாள் ஃப்ரீடா. "அவளுக்குத்தான் தெரியும்."

மரிசோல் கடையின் பெயரைச் சொன்னாள். எந்த அலமாரி, எத்தனாவது தட்டு, பொட்டலம் என்ன நிறம் என்பது வரை சொன்னாள். நீனாபர் மாமா காதிலிருந்து பென்சிலை எடுத்து, ஏப்ரன்மேலேயே எழுதிக்கொண்டார்.

ஃப்ரீடா அச்சைச் சாய்த்துப் பார்த்தாள். காஸ்பர் விரலால் வழித்துக்கொண்டிருந்த ஒரு மூலையைத் தவிர எல்லாம் காலி. அவன் விரலை எடுத்ததும் அந்த மூலையும் காலி.

மரக்கரண்டியை மரிசோலிடம் நீட்டினாள்.

"நீ தட்டு."

"நானா? நான்தானே தப்பா..." மரிசோலின் குரல் இறங்கியது.

"நான் தப்பாச் சொன்னேன், நீ தப்பா வாங்கினே, ஊரே சாப்பிட்டிருச்சு. நான் தூக்கிப் பிடிக்கிறேன். நீ தட்டு!"

ஃப்ரீடா முக்காலியில் ஏறினாள். அச்சைத் தலைக்கு மேலே உயர்த்தினாள். மரிசோல் நாற்காலியில் ஏறி நின்று, இரண்டு மாதமாகச் சேர்த்துவைத்திருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஓங்கினாள்.

டங்ங்ங்!

கூடமே திரும்பியது. தீயணைப்பு வீரர் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார். "வெஸ்லிங் அச்சு காலி!" என்று நார்பர்ட் கத்தினார். மரிசோல் மறுபடி தட்டினாள். மறுபடி, மறுபடி.

வீட்டுக்கு வந்து அச்சைக் கழுவியபோதுதான் பார்த்தார்கள். அடிப்பக்கத்தில், நட்டநடுவில், பெரிதாக ஓர் ஒடுக்கு விழுந்திருந்தது.

திங்கட்கிழமை காலையில் அதை நிமிர்த்துவதற்காக நார்பர்ட் சுத்தியலைத் தேடினார். பெட்டியில் இல்லை. அடித்தளத்தில் இல்லை. வாஷிங் மெஷினுக்குப் பின்னாலும் இல்லை.

"ஃப்ரீடா, சுத்தியலைப் பார்த்தியா?"

"அந்த ஒடுக்கு அப்படியே இருக்கட்டும்ப்பா. அது மரிசோல் தட்டினது," என்றாள் ஃப்ரீடா. கைகளைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நின்றாள்.