யானைக்கொழிஞ்சியின் பிடி

நிக்கோபார் தீவின் கேம்பல் பே கரையோரம், கூரை போன அந்தக் குவார்ட்டர்ஸுக்குச் சுபிதா மூன்றாம் முறையாக வந்து சேர்ந்தபோது மணி பத்துகூட ஆகவில்லை. வெளியே வெயில். உள்ளே இருட்டிக் கிடந்தது. தொடைப் பருமனில் ஒரு யானைக்கொழிஞ்சிக் கொடி ஜன்னல் வழியே நுழைந்து, சுவரெல்லாம் சுற்றி, மேலே வானத்தை மூடியிருந்தது. ஈரச் சாக்கு வாடை அடித்தது.

பூ இல்லை. இந்த முறையும் இல்லை.

எரிச்சலில் கத்தியைத் தரையில் குத்தினாள். இந்தக் கொடிக்கும் இதன் பங்காளிகளுக்கும் இலை ஒன்றுபோலவே இருக்கும். பூவைப் பார்த்துத்தான் எந்த இனம் என்று சொல்ல முடியும். பூவோடு மாதிரி கொண்டுபோகாவிட்டால், தாவரக் கணக்கெடுப்பில் அவளுடைய ஒப்பந்த வேலை இந்த மாதத்தோடு முடிந்தது. முன்பு வெட்டிப்போன இரண்டு கிளைகளும் காகிதத்துக்குள் காயாமலே அழுகிப்போயின.

வேறு வழியில்லாமல் ஒரு கிளையை வெட்டினாள். வெட்டிய இடத்திலிருந்து நீர் கொட்டியது. தாகத்துக்குக் கையில் ஏந்திக் குடித்தாள்.

உப்பு.

கடல் தண்ணீர்.

"மறுபடியும் வெட்டிட்டியா புள்ள?"

பக்கத்து வீட்டு ஒச்சம்மா வாசலில் நின்றிருந்தாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"ஜஹாஜ் நாலு மணிக்குக் கரைய விட்டுரும் அக்கா. வேற என்ன செய்ய?"

"சுனாமி அன்னைக்கு எங்கக்கா இந்தக் கொடியத்தான் பிடிச்சுத் தொங்குனா. நான் டேங்க் மேல நின்னு, விட்டுராதன்னு கத்துனேன்."

"விட்டுட்டாங்களா?"

"அவ விடல. கொடிதான் அறுந்துருச்சு." ஒச்சம்மாவின் குரல் தாழ்ந்தது. "வெட்டுனா அதுக்கு அந்த நெனப்பு வந்துரும் புள்ள."

"வந்துட்டுப் போகட்டும். பூ வந்தா போதும்."

இலை நுனியிலிருந்த பற்றுச்சுருளை விரலால் நீவி நேராக்கி, கிளையை நாளிதழில் வைத்து, மரச்சட்டங்களுக்கு நடுவே வாரால் இறுக்கிக் கட்டினாள்.

கப்பல் கரையை விட்டு அரைமணிகூட ஆகியிருக்காது. படுக்கைமேல் வைத்திருந்த சட்டத்திலிருந்து நீர் சொட்டும் சத்தம் கேட்டது.

வாரை அவிழ்த்தாள்.

பூ.

மொட்டே இல்லாத கிளையில், வெளிர்மஞ்சள் கதிர் ஒன்று அப்போதுதான் மலர்ந்ததுபோல் கிடந்தது. வேலை தப்பியது என்றுதான் முதலில் தோன்றியது.

பிறகுதான் பற்றுச்சுருளைப் பார்த்தாள். நேராக்கி வைத்தது வளையமாகியிருந்தது. ஒரு பெண்ணின் மணிக்கட்டு அளவு.

வளையத்துக்குள் ஒன்றுமில்லை. அங்கே காகிதம் மட்டும், ஏதோ கனம் அழுத்துவதுபோல், நனைந்து குழிந்திருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளையம் இன்னும் கொஞ்சம் இறுகியது.

இந்த முறை அறுவதாக இல்லை.