பன்னிரண்டாம் படம்

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி கறுப்பு மணல் தரையில் கொட்டியது. ஐயனார் விரலால் தொட்டுப் பார்த்தார். ஈரம்.

அந்தப் பெட்டி கடலைப் பார்த்ததே இல்லை. இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால், கடல் ஊருக்குள் வந்து போன மூன்றாம் நாள்தான் அதை வேனில் கொண்டுவந்து பள்ளிக்கூடத்து மேஜையில் வைத்தார்கள். பிறகு கிளிஞ்சல்மேட்டுச் சமுதாயக் கூடத்தின் மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. போன வாரம் கூடத்துக்கு வெள்ளையடிப்பதற்காக அங்கிருந்த தட்டுமுட்டுகளைச் சுமந்து வெளியே போட்டவர் அவர்தான். பெட்டியின் முகத்தில், அன்றைக்கு மேஜையில் பார்த்த அதே வெள்ளை பெயிண்ட் கறையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பழைய இரும்புக்குப் போகவிருந்ததைக் கேட்டு வாங்கித் தூக்கிவந்தார்.

அதில் படங்கள் இருந்தன. அடையாளம் தெரியாத உடல்களைப் புதைக்கும் முன், நெஞ்சில் எண் எழுதிய சிலேட்டை வைத்து ஒவ்வொன்றையும் படம் பிடித்து, தேடி வந்தவர்களுக்கு ஒன்றொன்றாகக் காட்டினார்கள். அவருடைய காவ்யாவுக்கு அப்போது ஐந்து வயது. அவர் மனைவி கனகம் மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர் குடிக்காமல், கிடத்தியிருந்த வரிசைகளில் துணியை விலக்கி விலக்கி முகம் பார்த்துத் திரிந்தாள். அவளை அங்கிருந்து கூட்டிவர வேறு வழி தெரியவில்லை. அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு அவர் மட்டும் மேஜைக்குப் போனார். பன்னிரண்டாவது படம் வந்தது. முகம் ஊதிப்போன யாரோ ஒரு பெண்குழந்தை. அவர் திரையில் விரலை வைத்து, "இவதான்" என்றார். காட்டுவதை அதோடு நிறுத்திவிட்டார்கள்.

அன்றைக்குக் கனகம் அழுதாள், குளித்தாள், இரண்டு வாய் சோறு தின்றாள். ஒவ்வொரு மார்கழியும் அந்தப் புதைமேட்டில் ஒரு புதுச் சட்டையை வைத்துவிட்டு வருகிறாள். "எம்புள்ள எங்க கெடக்குன்னாச்சும் தெரியுது, அது போதும்" என்பாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். மீதிப் படங்களில் காவ்யா இருந்தாளா? சாவதற்குள் அது ஒன்று அவருக்குத் தெரியவேண்டும்.

பழைய சிஸ்டம் பாஸ்வேர்டு கேட்டு நின்றது. காரைக்காலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நுஸ்ரத் பெட்டியைப் பார்த்ததும் சிரித்தாள்.

"ண்ணே, இது என் கல்யாணத்துக்கு முந்தின பெட்டி. மியூசியத்துக்குக் குடுங்க, டிக்கெட் போட்டுக் காட்டுவாங்க."

"ஓடுமா ஓடாதா, அதச் சொல்லும்மா."

"பழச அழிச்சா உள்ள இருக்கறது எல்லாம் போயிடும். அழிக்காம பக்கத்துல இன்னொரு சிஸ்டம் போட்டுக்கலாம். டிஸ்க்க ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கம் பழசு, ஒரு பக்கம் புதுசு. புதுசுல உக்காந்துகிட்டுப் பழசுல இருக்கறதப் பாக்கலாம். பாக்க மட்டுந்தான், கை வைக்க முடியாது. வச்சிட்டுப் போங்க, நானே போட்டுத் தர்றேன்."

"வேணாம்மா. வீட்டுலயே பாத்துக்கறேன்."

"அது சரி. நாப்பது வயசுல அ ஆ படிச்ச ஆளு, இதயும் படிச்சிருவீங்க. தமிழ்லயே கேக்கும், பயப்படாதீங்க" என்று ஒரு சிடியைக் கையில் கொடுத்தாள்.

புயல் கூண்டு ஏற்றி இரண்டு நாள். துறைமுகத்தில் சுமை தூக்கும் வேலை இல்லை. காலை பத்து மணிக்கே வீட்டுக்குள் அந்தி போல இருட்டிக் கிடந்தது. ஓயாத மழையும், அதற்கு அப்பால் கடல் கரையில் விழுந்து விழுந்து இழுக்கும் கனத்த சத்தமும், பெட்டிக்குள் சிடி சுற்றும்போது ஈர வலையை மணலில் இழுப்பது போல எழுந்த உரசலும் ஒன்றில் ஒன்று கலந்து எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தன. அடுப்படியில் கனகம் கருவாடு வறுத்தாள். ஆனால் பெட்டியின் பின்துளையிலிருந்து வந்த வெக்கையில் வேறு ஒரு வாடை இருந்தது. சேறும் டீசலும் அழுகிய தென்னங்குருத்தும் சேர்ந்த, அந்த மூன்று நாளின் வாடை.

"என்னங்க, பாட்டு கீட்டு வருமா அதுல?"

"வரும்."

"காவ்யா இருந்திருந்தா ஒங்களத் தள்ளிவுட்டுட்டு அவ உக்காந்திருப்பா."



திரையில் நீளமாக ஒரு பட்டை வந்தது. இடது பக்கம் பழசு, வலது பக்கம் புதுசு, நடுவில் ஒரு கோடு. கோட்டை மவுஸால் பிடித்துச் சரிபாதியில் வைத்தார். கையை எடுத்தார். கோடு தானாக நகர்ந்தது. பழைய பக்கம் வீங்கியது. மறுபடி இழுத்து வைத்தார். மறுபடி நகர்ந்தது. நாலாம் தடவை, பழசு விட்டுக்கொடுத்த அந்தத் துண்டு இடமே போதும் என்று 'நிறுவு' என்பதை அழுத்தினார்.

ஒரு மணி நேரம் ஆனது. பெட்டி அணைந்து மறுபடி எழுந்தது. கறுப்புத் திரையில் இரண்டு வரி. புதியதைத் தேர்ந்தார். எந்தக் குறையும் இல்லாமல் திறந்தது. அங்கிருந்து பழைய பக்கத்துக்குள் போனார்.

மஞ்சள் நிறத்தில் இரண்டு பை போன்ற படங்கள். அவருக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்கும் திரையில் இந்த இரண்டும் இருந்தன. கீழே இருந்தவை எழுத்துகள் என்று மட்டும் அன்றைக்குத் தெரிந்தது. இப்போது விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார்.

முதலாவது, 'இறந்தவர்கள்'.

இரண்டாவதைக் கூட்டி முடிக்கையில் விரல் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டது.

'உயிருடன் மீட்ட பிள்ளைகள்'.

இதை யாரும் அவருக்குத் திறந்து காட்டவில்லை. எப்படிக் காட்டுவார்கள்? அவர்தான் பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டாரே.

திறந்தார். ஏதோ ஊர் முகாம். பச்சைப் பட்டை அடித்த சுவர். ஒரு பெஞ்சு. படத்துக்கு ஒரு பிள்ளை. யார் யாரோ. ஏழாவது படத்தில் காவ்யா உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மடியில் சிலேட்டு. கண் திறந்திருந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

கீழே தேதி. அவர் விரல் வைத்த அதே நாள்.

அடுத்த படம். அதே சுவர், அதே பெஞ்சு, காவ்யா. தேதி மட்டும் அடுத்த வருஷத்து டிசம்பர். அடுத்தது, அதற்கும் அடுத்த வருஷம். பெட்டி சாக்குக்கு அடியில் கிடந்த வருஷங்கள். அவள் வளரவில்லை. சட்டை காயவில்லை. சொட்டிய தண்ணீர் பெஞ்சுக்கு அடியில் தேங்கி ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் அகலமாகியிருந்தது. பார்வை மட்டும் அதே வாசலில்.

கடைசிப் படம். இன்றைய தேதி.

"காவ்யா" என்றார். அவளைத் தொட்டார். கண்ணாடி. பார்க்க மட்டும்தான்.

கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. பெட்டியின் இரைச்சல் நின்றது.

திரை அணையவில்லை.

அடுப்படியில் வறுக்கும் சத்தமும் இல்லை.

அவர் கீழே பார்த்தார். ஒரு கைப்பிடி மணல்தான் கொட்டியது. இப்போது அறை முழுக்கப் பரவிக் கிடந்தது. ஈரமாக. அதன் மேல் கால் தடம். சின்னக் கால். பெட்டியிலிருந்து தொடங்கி அடுப்படிக்குள் போயிருந்தது.

"என்னங்க."

கனகம் அடுப்படி நிலையில் நின்றாள். ஒரு பிள்ளையின் கையைப் பிடித்திருந்தாள். புதைமேட்டில் அவள் வைத்த சட்டைகளில் ஒன்று அதன் உடம்பில் இருந்தது. முகம் ஊதியிருந்தது. கண் இருக்கவேண்டிய இடத்தில் மடிப்பு. கழுத்திலிருந்து சிலேட்டு தொங்கியது.

பன்னிரண்டு.

"வந்துட்டா பாருங்க" என்றாள் கனகம். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் இருபத்தொரு வருஷமாகப் பார்த்ததில்லை. "எனக்கு மொகம் தெரியலங்க. நீங்கதான பாத்தீங்க அன்னிக்கு? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இவதானா?"

பிள்ளை அவரை நோக்கித் தலையைத் தூக்கியது.

இல்லை. சொல்லவேண்டும். நாக்கு புரளவில்லை. வலது கை தானாக எழுந்தது. விரல் நீண்டது.

"இவதான்."

திரையில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த காவ்யா, முதல் முறையாக, வாசலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.