இனிக்கும் முழங்கால்

ரயில் நிலையத்து மேம்பாலத்தில் பாதிப் படி ஏறியதும் காளிராஜின் நாக்கில் கடலைமிட்டாய் வந்துவிட்டது. முதலில் வெல்லப்பாகு. பின்னாலேயே வறுத்த கடலை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். வாயில் ஒன்றும் இல்லை. பல் கூட இல்லை. வலது முழங்காலில் எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

"ஏய், வழியில நின்னு சப்பாதடா. மேல ஏறு," என்று பின்னால் வந்த சங்கிலிபாண்டி முதுகில் தட்டினார். அவருக்கு இடுப்பு வலி. உப்பைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவர் இடுப்பில் காராச்சேவு வைத்திருந்தார்.

இரண்டு பேரும் கோவில்பட்டி மார்க்கெட்டில் ஒரே செட்டில் மூட்டை தூக்கியவர்கள். இப்போது மார்க்கெட்டில் ஆள் கிடையாது, சுமையூர்திகள் தானே எடுத்துத் தானே அடுக்குகின்றன. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருவருக்கும் ஒரு சோலியும் இல்லை. ஏறுவார்கள், இறங்குவார்கள். இறங்கும்போது வலி அதிகம், அதனால் ருசியும் அதிகம். அப்புறம் டீ குடித்துவிட்டு வீடு.

இருவருக்கும் காதுக்குப் பின்னால் துவரம்பருப்பு அளவில் ஒட்டியிருக்கும் அந்த வில்லைக்கு வலிபெயர்ப்பி என்று பெயர். அதற்கு முன்னால் வந்தது வலிகொல்லி. வலியைக் கொன்றதும் சனங்கள் காலில் ஆணி ஏறியது தெரியாமல் தெருத்தெருவாக நடந்தார்கள். அடுப்பில் கை வெந்தது, வாடை வந்த பிறகுதான் தெரிந்தது. சர்க்கரை நோய்க்காரர்கள் கால்விரலை இழந்தார்கள். அப்புறம்தான் புத்தி வந்து, வலியைக் கொல்ல வேண்டாம், வேறு ஒன்றாகப் பெயர்த்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். நரம்பில் வரும் சேதி அப்படியே வரும். மூளைக்குள் நுழையும்போது ருசியாகவோ வாடையாகவோ சத்தமாகவோ மாறிவிடும். வலி கூடினால் அதுவும் கூடும்.

முதியோர் நலக்கூடத்தில் வில்லை ஒட்டும் ஜெபக்கனி எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னாள். "உங்களுக்குப் பிடிக்காத ஒண்ணைச் சொல்லுங்க. அப்பத்தான் அது வந்ததும் வேலையை நிறுத்திட்டு உட்காருவீங்க."

நல்ல யோசனைதான். மேலத்தெரு ஹெட்மாஸ்டர் அழுகிற குழந்தையின் சத்தத்தைக் கேட்டு வாங்கினார். காளிராஜின் மனைவி சீதாலட்சுமி முப்பது வருடம் தீப்பெட்டி ஆபீஸில் இருந்தவள், குச்சி முனையில் தோய்க்கும் மருந்து வாடையைச் சொன்னாள். விரல்கள் கோணிப்போய், இடுப்பு முறிந்து ஒட்டி, சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். மருந்து வாடை வந்ததும் போட்டது போட்டபடி உட்கார்ந்துவிடுவாள்.

மூட்டைக்காரர்கள் மட்டும் கேட்கவில்லை.

"பிடிக்காததை எதுக்குத் தாயி நானா கேட்டு வாங்கணும்?" என்றார் காளிராஜ். "அதெல்லாம் கேக்காமலே நிறைய வந்துச்சு. கடலைமிட்டாய் வையி."

"தாத்தா, வலின்னா நிறுத்துன்னு அர்த்தம்."

"யாரு சொன்னா?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. செட்டில் வலிக்கு அப்படி ஓர் அர்த்தம் கிடையாது. சாயங்காலம் டீக்கடையில் ஒருவனைப் பார்த்து, "என்னப்பா, உனக்கு உடம்பு வலிக்கலையா?" என்று கேட்டால் அது வசவு. இன்னொருத்தன் தோளில் உன் பங்கை ஏற்றிவிட்டாய் என்று பொருள். வலித்தவன் நிம்மதியாகக் கூலியை வாங்குவான், நிம்மதியாகத் தூங்குவான். வலி, வேலை முடிந்ததற்குச் சாட்சி. சாட்சி சொல்ல வந்தவனுக்கு இனிப்புக் கொடுத்தால் என்ன தப்பு?

சட்டப்படி தேர்வு நோயாளியுடையது. ஜெபக்கனி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கடலைமிட்டாயை ஏற்றினாள். டாக்டர் இனிப்பை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. நலக்கூடத்துப் படியில் இறங்கும்போதே காளிராஜ் முழங்கால் வலியில் ஒரு துண்டு தின்றுவிட்டார்.

அன்றிலிருந்து அவர் சந்தோஷமான மனிதர். நடக்காத நாள் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்கு ஒரு விதி இருந்தது, எல்லா முதியவர் வீட்டுக்கும் இருந்ததுதான். மாதம் ஒருமுறை நலக்கூடத்திலிருந்து வந்து மணி அடிப்பார்கள். இருவரில் ஒருவர் நடந்துவந்து கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் அவர்கள் தங்கள் வீட்டிலேயே இருக்கலாம். திறக்க ஆள் இல்லாவிட்டால் முதியோர் பேணகத்துக்குப் போக வேண்டும். பேணகத்தில் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆண்கள் கூடம் ஒரு பக்கம், பெண்கள் கூடம் ஒரு பக்கம். சீதாலட்சுமியின் விரல்களுக்குத் தாழ்ப்பாள் இழுக்க வராது. ஆகவே அந்த வீடு நின்றது காளிராஜின் காலில்.

சித்திரை மாதத்தில் மணி அடித்தது. காளிராஜ் எழுந்தார். வாய் நிறைய, தொண்டை வரைக்கும் கடலைமிட்டாய் பொங்கியது. முழங்கால் மடங்கி, சிரித்த முகத்தோடு அப்படியே தரையில் விழுந்தார்.

மறுபடி மணி.

"வந்துட்டாரு தாயி!" என்று சீதாலட்சுமி சன்னல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "வேட்டி கட்டிக்கிட்டு இருக்காரு!" பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். "எந்திரிங்க. என்ன படுத்துக்கிட்டுச் சிரிக்கிறீக?"

"நல்லாருக்குடி."

"நல்லாத்தான் இருக்கும். நாளைக்கு நீங்க ஒரு கூடத்துல, நான் ஒரு கூடத்துல. யாரு என்னைத் தூக்கி உட்கார வைப்பா? எந்திரிங்க!"

அவர் தவழ்ந்து போய், கதவின் சட்டத்தைப் பிடித்து ஏறி நின்று, தாழ்ப்பாளை இழுத்தார். ஜெபக்கனி நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்தாள். வேர்வை ஒழுகும் முகத்தில் ஒரு சொக்கின சிரிப்பு. முழங்காலைப் பார்த்தாள். பனங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"திறந்துட்டீங்க. சரி," என்றாள். "அடுத்த மாசம் திறக்க மாட்டீங்க. உங்க உயிரணுவிலேயே வளர்த்த மூட்டு இருக்கு, மாத்திக்கலாம். எத்தனை தடவை சொல்றது?"

"மாத்துனா வலிக்காதே, தாயி."

"வலிக்காது."

"அப்ப இனிக்காது."

"ஆமா, இனிக்காது!" என்று உள்ளேயிருந்து சீதாலட்சுமி கத்தினாள். "தேதியைக் குறி தாயி. அவரைக் கேக்காத."

முழங்கால் மூட்டை மாற்றினார்கள். தையல் ஆறும் வரைக்கும் அவருக்குத் திருவிழா. ஆற ஆற வெல்லம் குறைந்தது. கடைசியில் கடலையின் தோல் மாதிரி ஏதோ ஒன்று நாக்கில் ஒட்டி நின்று, அதுவும் போய்விட்டது. மேம்பாலத்தில் ஏறிப் பார்த்தார். இளவட்டம் மாதிரி ஏற முடிந்தது. மேலே போய் நின்றார். வெறும் இரும்புப் பாலம்.

"என்னடா, முகம் இப்படி இருக்கு?" என்றார் சங்கிலிபாண்டி, காராச்சேவு தின்ற முகத்தோடு.

"கால் நல்லாயிருச்சு."

"ஐயோ பாவம்."

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் அரிசிச் சிப்பத்தை வாசலில் இறக்கிப் போட்டுவிட்டு மூச்சு வாங்கினாள். பழக்கத்தில் குனிந்து காளிராஜ் அதைத் தோளில் ஏற்றினார். முதுகுத்தண்டின் அடியில் சுளீரென்று ஏதோ ஒன்று. நாக்கில் வெல்லம்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் எதையும் தூக்கவில்லை. சிலிண்டர், மாவு மூட்டை, மாடிக்குப் போகும் பீரோ, எல்லாவற்றுக்கும் காளிப் பெரியப்பாதான். கூலி வாங்க மாட்டார். தூக்கும்போது முகம் மலர்ந்து போகும். எவ்வளவு நல்ல மனசு என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். சீதாலட்சுமி மட்டும் அந்த முகத்தை வேறு எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தாள். தரையில் விழுந்து கிடந்த முகம். மறுநாளே நலக்கூடத்துக்கு அவரைத் துரத்தினாள்.

ஜெபக்கனி முதுகைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு நீளமாக மூச்சு விட்டாள்.

"தாத்தா, முழங்கால் மூட்டை வளர்த்துத் தந்தோம். முதுகுத்தண்டு வளர்க்க இன்னும் யாருக்கும் தெரியாது. இது போனா படுக்கைதான். அப்புறம் வாசலுக்கு யாரு வருவா? ருசியை மாத்திருங்க, இல்ல தூக்குறதை விடுங்க."

"தூக்குறதை விட்டுர்றேன்."

"விடுவீங்களா?"

வெளியே கொஞ்சம் உட்கார்ந்து யோசித்துவிட்டு வருவதாகச் சொன்னார்.

காத்திருக்கும் கூடத்தில் வெள்ளைச்சட்டை போட்ட ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஊருக்கு வெளியே கல்குவாரி வைத்திருப்பவர். எந்திரம் இறங்க முடியாத பள்ளத்தில் இன்னும் ஆட்களை வைத்துத்தான் கல் ஏற்றுகிறார். அம்மாவுக்கு வில்லை ஒட்டக் கூட்டி வந்திருந்தார்.

"பெரியவரே, உங்களை எனக்குத் தெரியும். அன்னைக்கு உங்க தெருவுல பீரோ தூக்குனீங்க. சிரிச்சுக்கிட்டே தூக்குனீங்க. நானும் எத்தனையோ ஆளை வெச்சு வேலை வாங்கியிருக்கேன், சிரிச்சுத் தூக்குனவனைப் பார்த்ததில்ல."

காளிராஜுக்குப் பெருமையாக இருந்தது. "கடலைமிட்டாய் வெச்சிருக்கேன்," என்று காதைத் தொட்டுக் காட்டினார்.

"கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன். இது வயசானவங்களுக்கு மட்டுந்தானா? நம்ம பயலுக மத்தியானமே இடுப்பு வலிங்கிறானுக. ஆளுக்கு ஒண்ணு ஒட்டி விட்டுட்டா..." அவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். கெட்ட மனுசன் மாதிரியே தெரியவில்லை. "இன்னொண்ணும் கேக்கணும். தூக்குனா இனிக்குது, சரி. உட்கார்ந்தா கசக்கிற மாதிரி வைக்க முடியுமா?"

காளிராஜ் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றுபோனது.

அவர் பலவித மேஸ்திரிகளைப் பார்த்தவர். விசில் ஊதியவன், கெட்ட வார்த்தை பேசியவன், டீ வாங்கித் தந்து தாஜா பண்ணியவன். எவனாயிருந்தாலும் மார்க்கெட் கேட்டோடு நின்றான். வீட்டுக்கு வந்து காலைக் கழுவினால் அவன் இல்லை. இந்த ஆள் நாக்கிலேயே ஒரு மேஸ்திரியை உட்கார வைக்கப் பார்க்கிறார். அப்படி ஒருத்தனைத் தானே கேட்டு வாங்கி, இத்தனை நாள் சும்மாவே சுமந்துகொண்டு திரிந்தது காளிராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. தலைச்சுமை தூக்கியே வாழ்ந்த மனுசன், ஓய்வு கிடைத்த பிறகு சிலிண்டர் எங்கே கிடைக்கும் என்று தெருவில் காத்துக் கிடந்திருக்கிறார்.

எழுந்து உள்ளே போனார்.

"வேப்பெண்ணெய் வையி, தாயி."

ஜெபக்கனி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நிசமாவா?"

"யோசிக்க விடாத. வையி."

வைத்துவிட்டுக் குனியச் சொன்னாள். குனிந்தார். முகம் கோணி, குடலே வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்து, குப்பைக் கூடையில் எச்சிலைத் துப்பினார். ஜெபக்கனி தண்ணீர் கொடுத்தாள். முதல்முறையாக அவரைப் பார்த்து அவள் சிரித்தாள்.

வெளியே குவாரிக்காரர் பதறி எழுந்தார். "என்ன பெரியவரே ஆச்சு?"

"இனிப்பு ரொம்ப நாள் நிக்காதாம்யா. கடைசியில எல்லாருக்கும் இப்படித்தான் திரும்பிருமாம். திரும்புனா அப்புறம் ஒரு கல்லைத் தூக்க மாட்டான்."

நன்றாகவே பொய் சொன்னார். அந்த ஆள் நம்பிய மாதிரித் தெரியவில்லை. "அப்படியா?" என்று கேட்டுவிட்டு ஜெபக்கனியின் அறை வாசலில் போய் நின்றுகொண்டார். காளிராஜ் கொஞ்ச நேரம் அவர் முதுகையே பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். நடந்தபோது ஒன்றும் இனிக்கவில்லை, ஒன்றும் கசக்கவில்லை. புது மூட்டு நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் தண்ணீர்க் குடத்தை அடுப்படிக்குத் தூக்கக் குனிந்தார். வேப்பெண்ணெய். குடத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். எடுத்த சுமையைப் பாதியில் வைத்தது பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான். சுற்றிப் பார்த்தார். யாரும் திட்டவில்லை.

"என்ன உட்கார்ந்துட்டீக?" என்றாள் சீதாலட்சுமி.

"கசக்குது."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "மாத்திட்டீகளா?"

"ம்."

"எம்புட்டுக் கசப்பு?"

"புட்டியை வாயில கவுத்த மாதிரி."

"அப்ப உட்காருங்க. நான் கத்தரிக்காயை நறுக்கிருதேன்." இரண்டு காய் நறுக்கினாள். மூக்கைச் சுளித்தாள். "மருந்து வாடை வந்துருச்சு." அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு அவளும் சுவரில் சாய்ந்தாள்.

எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். குடம் நடுவீட்டில் இருந்தது. அடுப்பு பற்றவில்லை. மின்விசிறி சுற்றியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சும்மா இருந்த பகல் ஒன்று கல்யாணமானதிலிருந்து அவர்களுக்கு நினைவில் இல்லை.

"இனி யாரு சமைக்கிறது?" என்றாள்.

"கசக்காதவங்க, நாறாதவங்க யாராவது வந்து சமைக்கட்டும்."

"வருவாக, வருவாக. வாசல்ல மணி அடிக்கும், போய்த் திறங்க."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்ததில் அவளுக்கு இடுப்பு வலித்து மருந்து வாடை வந்தது. அதற்கு மறுபடி சிரித்தாள். வெயில் சன்னலிலிருந்து நகர்ந்து சுவருக்குப் போனது.

பிறகு வயிறு கூப்பிட்டது, இரண்டு பேருக்கும் சொல்லி வைத்தாற்போல. அதை எந்த வில்லையும் எதுவாகவும் பெயர்க்கவில்லை. பசி பசியாகவே வந்தது.

"எந்திரிங்க," என்றாள் சீதாலட்சுமி.

அவர் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு அரைக் குடத்தைத் தூக்கினார். கசந்தது. அவள் மிச்சக் காயை நறுக்கினாள். நாறியது. சாப்பிடும்போது இருவரும் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். குழம்பு நன்றாக இருந்தது.