நாற்பதுக்குக் கீழே

ஞானதுரையின் கழுத்தில் தொங்கிய பேச்சளவி முப்பத்தொன்று காட்டியது. மூன்று வாரம் தொடர்ந்து நாற்பதுக்குக் கீழே இருந்தால், மறதி இல்லத்தின் மேல்மாடிக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே குழாய் வழி உணவு, நாள் முழுக்க உறக்க மருந்து. பார்வையாளருக்கு அனுமதி இல்லை. பேச்சில் ஈடுபடாதவருக்குத் துணை எதற்கு என்பது விதி. இது மூன்றாவது வாரம்.

வாக்கியத்தின் நீளம், இடைவெளி, திருப்பிக் கேட்கும் கேள்வி என எல்லாவற்றையும் கருவி எண்ணியது. மகள் ஜெபசீலி மழையைப் பற்றிச் சொன்னாள், பழைய படங்களைக் காட்டினாள். எல்லாவற்றுக்கும் "ம்" என்றார்.

பிறகு, "ஒங்கம்மா எங்கட்டி?"

களைப்பில் அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். "அம்மா செத்துட்டாங்கப்பா."

ஞானதுரை நிமிர்ந்தார். "எப்பட்டி? கோயில் மணி அடிச்சாச்சா? பெட்டிக்குச் சொல்லியாச்சா? ஒம் மாமன் வந்தப்புறந்தான் மூடணும், இல்லன்னா சண்டைக்கு நிப்பான்."

பாளையங்கோட்டையில் அவர் தெருவில் எந்தச் சாவு விழுந்தாலும் முன்னால் நின்றவர் அவர்தான். கண்ணீர் வழியப் பேசினார். கருவியில் எண்பத்தொன்று.

அடுத்த வாரமும் அவள் சொன்னாள். அதற்கடுத்த வாரமும். அவர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டார்.

"எப்படிக்கா பேச வைக்கீங்க?" என்றாள் பணிப்பெண் செல்வராணி. "எங்கிட்ட தண்ணிகூடக் கேக்க மாட்டாரு."

ஜெபசீலி பேச்சை மாற்றினாள். ஆனால் கருவி அந்த வாக்கியத்தைக் கற்றுக்கொண்டிருந்தது. ஆளில்லாத நேரத்தில் பேச்சுக் கொடுப்பதும் அதன் வேலை. அதிகப் பேச்சைத் தரும் வாக்கியத்தையே தேர்ந்தெடுக்கும். மனைவி ஒரு நாளைக்கு ஒன்பது முறை செத்தாள். அவர் மறந்தாலும் உடல் பழகிக்கொண்டது. கேள்விகள் சுருங்கின. கருவி வேறு பெயர் தேடியது.

மதிப்பீட்டு நாளன்று ஜெபசீலி வந்தபோது அவர் சட்டைப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். மதிப்பீட்டு அலுவலர் கதவருகே நின்றார்.

"வாம்மா. எம்மவ ஜெபசீலி போயிட்டா. பஸ்ஸு மோதிட்டாம். பாஸ்டருக்குச் சொல்ல ஒரு ஆளில்ல."

"அப்பா, நாந்தாம்ப்பா ஜெபசீலி."

அவர் அவளையே பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது. எழுபத்தாறு. ஐம்பத்தெட்டு. நாற்பத்து மூன்று.

கருவி மெல்லச் சொன்னது: "மறுத்தால் ஈடுபாடு குறையும். கேள்வி கேளுங்கள்."

அலுவலர் எழுதத் தொடங்கினார். ஜெபசீலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒங்க மகளுக்கு எத்தன வயசு, ஐயா?"